மினித்தெல்: ஸ்மார்ட்போனுக்கு ஒரு பாட்டி

பேரப்பிள்ளைகள் நமக்குப் போன் வாங்கித் தரும்போது கேமரா இத்தனை மெகாபிக்சல், மெமரி இத்தனை ஜிபி என்று அடுக்குவார்கள். ஒரு கருவி ஜனங்களிடம் எடுபடுவதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தம் கொஞ்சம்தான் என்பது என் கட்சி. என் பக்கத்துச் சாட்சி, பிரான்சில் வீட்டுக்கு வீடு இருந்த மினித்தெல். நம் புதுவையில் பிரான்சு உறவு உள்ள குடும்பங்களில் சிலர் அதைப் பார்த்திருக்கலாம்.

சின்னத் திரையும், மடக்கி மூடும் விசைப்பலகையும் கொண்ட ஒரு பெட்டி. தொலைபேசிக் கம்பியில் சொருகினால் போதும். 1980இல் பிரான்சின் மேற்கே சேன்-மலோ ஊரில் ஒத்திகை பார்த்து, 1982 முதல் நாடு முழுக்கக் கொடுக்கத் தொடங்கினார்கள். கொடுத்தது தபால் தந்தி இலாகா, அதுவும் இலவசமாக! வருஷா வருஷம் தொலைபேசி டைரக்டரி அச்சடித்து விநியோகிக்கும் செலவுக்குப் பதில், பெட்டியையே கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். காலமெல்லாம் அரசாங்கக் கோப்பு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு குறிப்பு மேலே போய் ஒப்புதலோடு திரும்பி வந்தது சாதாரண விஷயமில்லை.

ஆங்கிலேயர்கள் 1979இலேயே பிரெஸ்டெல் என்று இதே போன்ற ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் அதற்கான டிவியையோ இணைப்புக் கருவியையோ ஜனங்களே காசு போட்டு வாங்க வேண்டும். அது ஒரு லட்சம் பேரைக்கூட எட்டவில்லை.

மினித்தெல்லில் டைரக்டரி பார்க்க முதல் மூன்று நிமிடம் இலவசம். விசைகளில் ‘அனுப்பு’, ‘அடுத்தது’, ‘முந்தையது’, ‘திருத்து’ என்று பிரெஞ்சில் வார்த்தையாகவே எழுதியிருக்கும். படம் பார்த்து அர்த்தம் யூகிக்கும் வேலை கிடையாது. பாட்டிமார்களும் பழகிக்கொண்டார்கள்.

ஆனாலும் டைரக்டரி மட்டும் இருந்திருந்தால் பெட்டி மூலையில் தூசி படிந்திருக்கும். 1984இல் ‘கியோஸ்க்’ என்ற ஏற்பாடு வந்தது. 3615 என்ற எண்ணைச் சுழற்றி, வேண்டிய சேவையின் பெயரைத் தட்டினால் ரயில் டிக்கெட், வங்கிக் கணக்கு, தபால் வழிச் சாமான் எல்லாம் வரும். சந்தா இல்லை, கார்டு நம்பர் இல்லை. நிமிடத்துக்குச் சுமார் ஒரு பிராங், தொலைபேசி பில்லிலேயே சேர்ந்துவிடும். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இலாகா எடுத்துக்கொண்டு, மீதியைச் சேவை நடத்துகிறவருக்குக் கொடுத்தது. விளம்பர வருமானம் போய்விடும் என்று பத்திரிகைகள் கூச்சல் போட்டதால், முதலில் பத்திரிகை நடத்துகிறவருக்குத்தான் அனுமதி. உடனே பெயருக்கு ஒரு பத்திரிகை ஆரம்பித்தவர்களும் உண்டு. எந்த நாட்டிலும் மனிதன் மனிதன்தான்!

இலாகா எதிர்பாராதது, முகம் தெரியாதவர்கள் எழுத்தில் அரட்டை அடிப்பது. ஸ்திராஸ்பூர் நகரத்துப் பத்திரிகையின் சேவை ஒன்றில் இது முளைத்தது. பிறகு அந்த அரட்டை எந்தத் திசையில் போனது என்பதற்குப் பாரிஸ் சுவரொட்டிகளே சாட்சி. விவரம் இங்கே வேண்டாம். காசு கொட்டியது.

இப்போது கைப்பேசிக்கு வருவோம். ஐபோன் 2007 ஜூனில் வந்தபோது வெளியார் எழுதிய செயலிகளுக்கு அதில் இடமில்லை. 2008 ஜூலையில் ஆப்பிள் தன் செயலிக் கடையைத் திறந்தது, சுமார் 500 செயலிகளோடு. விற்ற பணத்தில் 30 சதவீதம் ஆப்பிளுக்கு, 70 சதவீதம் எழுதியவருக்கு. அந்தப் பழைய மூன்றில் ஒரு பங்கு கணக்குக்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்! 2010இல் மைக்ரோசாப்ட் கொண்டுவந்த விண்டோஸ் போன் பார்க்க அழகு, ஓட்டமும் சுகம். ஆனால் ஜனங்கள் கேட்ட செயலிகள் பல அதில் இல்லை. நோக்கியாவின் போன் தொழிலையே வாங்கிப் பார்த்தும் கரை சேரவில்லை.

மினித்தெல் உச்சத்தில் சுமார் 90 லட்சம் பெட்டிகள், இரண்டரைக் கோடி பேர் என்று வளர்ந்தது. அதைக் கவிழ்த்ததும் அந்த நிமிடக் கணக்குதான் என்று நினைக்கிறேன். பக்கம் மெதுவாக வந்தால் பில் ஏறும். வேகப்படுத்த யாருக்கு அவசரம்? இணையம் வந்த பிறகும் வருமானத்தை விட மனசில்லை. மினித்தெல்லே புதிய வலைப்பின்னல்களின் வளர்ச்சிக்குத் தடையாகிவிடலாம் என்று பிரதமர் ழொஸ்பேன் 1997இல் வெளிப்படையாகவே பேசினார்.

2012 ஜூன் 30இல் நிறுத்தினார்கள். அப்போதும் சில லட்சம் பெட்டிகள் உயிரோடு இருந்தன. கடைசிவரை அதை விடாதவர்களில் பிரத்தாஞ் பகுதியின் மாட்டுப் பண்ணைக்காரர்கள் சிலரும் உண்டு.