அயர்லாந்தின் இழவுப் பாடகிகள்

பிணத்தைச் சுற்றி அமர்ந்து இசையோடு அழுவதைக் குறிக்கும் 'கீன்' என்னும் ஆங்கிலச் சொல், பாட்டையும் அழுகையையும் ஒருசேரக் குறித்த ஐரிஷ் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் சிற்றூர்களில் இழவு விழுந்தால், உறவுப் பெண்களோடு கூலி பெற்று அழும் பெண்களும் வந்து அமர்வது வழக்கம். உடலைக் கழுவிக் கிடத்தும்வரை எவரும் குரலெடுத்து அழலாகாது. முந்தி அழுதால் உயிரைக் கவரக் காத்திருக்கும் சாத்தானின் நாய்கள் விழித்துக்கொள்ளும் என்று நம்பினர். பின்னர், தேர்ந்த பாடகி ஒருத்தி இறந்தவரைப் பெயர் சொல்லி விளித்து, அவர் குலத்தையும் கொடையையும் இட்டுக்கட்டிப் பாட, மற்றவர்கள் அலறலாக அதை ஏற்றுத் தொடர்ந்தனர். காசும் விஸ்கியும் புகையிலையும் அவர்களுக்குக் கூலியாயின.

கூலிக்கு மாரடிப்பது என்று இகழ்ந்து இதைத் தள்ளிவிட முடியாது. வேறெங்கும் வாய் திறக்க இயலாத பெண், கருமியான உறவினரையும் கொடிய கணவனையும் ஊரறியச் சாடுவதற்கு இழவு வீடே இடம் தந்தது. ஆஸ்திரியப் படையில் பணியாற்றித் திரும்பிய ஆர்ட் ஓ லியரி 1773 மே 4 அன்று கார்க் பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவர் மனைவி எய்லீன் பாடியதாக வழங்கும் புலம்பல் இதற்குச் சான்று. புராட்டஸ்டண்டு ஒருவர் 5 பவுண்டு நீட்டினால் கத்தோலிக்கர் தம் குதிரையை விற்றாக வேண்டும் என்று அன்றைய சட்டம் இருந்தது. ஆபிரகாம் மோரிஸ் என்பவர் அவ்வாறு கேட்க, ஆர்ட் மறுத்ததே கொலைக்குக் காரணம் என்பர். அப்புலம்பல் மோரிசைப் பெயர் சொல்லிச் சபிக்கிறது. அதனினும் வியப்பானது, இழவிரவில் எய்லீன் உறங்கப் போய்விட்டாள் என்று நாத்தனார் பாட்டிலேயே பழிக்க, பிள்ளைகளை உறங்கவைக்கவே போனதாக எய்லீனும் பாட்டிலேயே பதில் தருவது. நெடுங்காலம் வாய்மொழியாக இருந்த இப்பாடலை ஏட்டில் ஏற்ற உதவியவள், கூலிக்கு அழுத நோரா என்னும் பாடகிதான்.

மறுமையில் நம்பிக்கையுள்ளோர்க்கு இத்தகைய அழுகை தகாது என்று கருதிய கத்தோலிக்கத் திருச்சபை, 1631இன் டுவாம் ஆயர் மன்றம் தொட்டுப் பலமுறை இதைத் தடைசெய்தது. பாதிரிமார் சாட்டையோடு வந்து பாடகிகளை விரட்டியதாகவும் நாட்டார் கதைகள் உண்டு. தடை திரும்பத் திரும்ப விதிக்கப்பட்டதே அது பலிக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சமும் அதன்பின் ஐரிஷ் மொழி தேய்ந்ததுமே வழக்கத்தை ஒடுக்கின. நாடகாசிரியர் ஜே. எம். சிங், 1907இல் வெளியான தம் நூலில் அரன் தீவுகளில் கண்ட இழவழுகையை விவரித்துள்ளார். பிற்காலத்தில் ஒலிப்பதிவாளர்களுக்குப் பிணமில்லாமல் பாடிக்காட்டப்பட்ட துணுக்குகளில் மெட்டு எஞ்சியது. எதிரே நிற்பவரைப் பார்த்து அங்கேயே கட்டிப் பாடும் ஏச்சு எஞ்சவில்லை.