நீளும் அனுமதி, நின்றுபோன தேதி: பிரித்தானியக் குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவுக்கு ஒரு மறுவாசிப்பு

பிரித்தானியாவின் 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்திலுள்ள 3சி பிரிவை ஆராய்ந்தவர்களிடையே ஒரு கருத்து நிலைபெற்றிருக்கிறது. அனுமதிக் காலம் முடியுமுன் விண்ணப்பித்தவர், முடிவு தாமதமானாலும் சட்டப்படியே தங்கியிருக்கிறார். அதைச் சொல்வதோடு பிரிவு நின்றுவிடுகிறது. கையில் ஒரு சான்று தருவதா இல்லையா என்பது நிர்வாகத்தின் விருப்பம். இந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சான்று பற்றிப் பிரிவு வாய்திறக்கவில்லை என்பது உண்மை. அந்த மௌனத்துக்குக் கொடுக்கப்பட்ட பொருளே பிழை.

அவர்கள் வாதத்தின் வலு பிரிவின் பிறப்பில் இருக்கிறது. அனுமதி நடப்பில் உள்ளவருக்கே மேல்முறையீட்டு உரிமை உண்டு என்று 1976இல் பிரபுக்கள் சபை சுதேந்திரன் வழக்கில் தீர்த்தது. அதன்படி, உரிய காலத்தில் விண்ணப்பித்தவரும், முடிவு வருவதற்குள் தேதி கடந்துவிட்டால் உரிமையை இழப்பார். அதே ஆண்டு வந்த ஆணை ஒன்று இந்த ஓட்டையை அடைத்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஏற்பாட்டை 3சி பிரிவாக மூலச் சட்டத்துக்குள் சேர்த்தது. ஆகவே மேல்முறையீட்டைக் காப்பதும், காத்திருப்பவர் காலம் கடந்து தங்கிய குற்றவாளி ஆகாமல் தடுப்பதுமே நோக்கம். அதற்கு மேல் ஏற்றிப் படிக்கக் கூடாது என்கிறார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மாறுபாடில்லை.

ஆனால் ஒரு நூற்பாவை அதன் அண்டை நூற்பாக்களிலிருந்து பிரித்து உரை எழுதினால் என்ன நேருமோ அதுவே இங்கும் நேர்ந்திருக்கிறது. பிரிவின் வினையைக் கவனிக்க வேண்டும். புதிய அனுமதி ஒன்று வழங்கப்படுவதாக 3சி சொல்லவில்லை. இருக்கும் அனுமதி நீட்டிக்கப்படுகிறது என்கிறது. எழுவாய் பழைய அனுமதியே. அது எப்படி வந்தது என்பதை 4(1) பிரிவு சொல்கிறது: தங்கும் அனுமதியைத் தருவதும் மாற்றுவதும் உரியவருக்கு எழுத்தில் அறிவித்தே நடக்க வேண்டும். எழுத்தில் பிறந்த ஒன்றை 3சி எழுத்தில்லாமல் நீட்டிக்கிறது. 4(1) இங்கே நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது என்று நான் வாதிடவில்லை. 3சியில் யாரும் அதிகாரத்தைச் செலுத்துவதில்லை, சட்டம் தானே இயங்குகிறது. நான் சொல்ல வருவது இதைவிடச் சிறியது. உள்துறை கொடுத்த அட்டையிலோ மின்விசாவிலோ உள்துறையே குறித்த முடிவுத் தேதி, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தாலேயே பொய்யாகிறது. அந்தப் பொய்யான தேதியைத்தான் காத்திருப்பவர் முதலாளியிடமும் வீட்டுக்காரரிடமும் நீட்ட வேண்டியிருக்கிறது. தேதியை எழுதியவருக்கே அதைத் திருத்தும் கடமையும் உண்டு என்பது, 3சியையும் 4(1)ஐயும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் இயல்பான பொருள்.

எழுத்தில்லாத அனுமதி இச்சட்டத்தில் இதற்கு முன்பும் உண்டு. ஆய்வாளர்கள் அதையும் 3சியையும் இணைத்துப் பார்க்காதது எனக்கு வியப்பாக இருக்கிறது. 1973 ஜனவரி 1 அன்று அந்நாட்டில் நிலையாகக் குடியிருந்தவர்களைக் காலவரையற்ற அனுமதி பெற்றவர்களாகக் கருத வேண்டும் என்கிறது 1(2) பிரிவு. கருதியாயிற்று, தாள் எதுவும் தரவில்லை. கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களின் வருகையைக் காட்டும் தரையிறங்கு அட்டைகளையும் உள்துறை 2010இல் அழித்தது. காட்டத் தாள் இல்லாததால் அவர்களில் பலர் வேலையும் வீடும் இழந்து, சிலர் நாடுகடத்தப்பட்ட வின்ட்ரஷ் அவலம் 2018இல் வெளியானது; வென்டி வில்லியம்ஸின் 2020 அறிக்கை அதை ஆராய்ந்தது. உரிமையைச் சட்டம் கொடுத்து, அதைக் காட்டும் சுமையை மட்டும் மனிதர் தலையில் ஏற்றிய அதே அமைப்புத்தான் 3சியிலும் இருக்கிறது. ஒரே வேறுபாடு: அங்கே சுமை வாழ்நாள் முழுவதும், இங்கே, நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான பத்தாண்டு வழியில் செல்பவருக்கு, முப்பது மாதங்களுக்கு ஒருமுறை.

2024 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றம், எசெக்ஸ்–லண்டன் அகதிகள், குடிபெயர்ந்தோர் மன்றமும் ஒரு சுகாதாரப் பணியாளரும் தொடுத்த வழக்கில், 3சி அனுமதியில் உள்ளவர்களுக்கு மின்னணுச் சான்று தராதது சட்டவிரோதம் என்று தீர்த்தது. நான் வரவேற்கும் தீர்ப்பு இது. அதன் அடித்தளம்தான் போதவில்லை. சட்டத்தின் நோக்கம் முறியடிக்கப்படுகிறது, நிர்வாக முடிவு நியாயமான தர்க்கத்துக்கு ஒவ்வாதது என்ற இரண்டின் மேல் அது நிற்கிறது. சான்றில்லாதவர்கள் படும் துன்பம் குறைந்தால், அல்லது துறை மேலும் நயமான காரணம் காட்டினால், இத்தகைய அடித்தளம் ஆட்டம் காணலாம். பிரிவின் சொல்லிலிருந்தே கடமையைப் பெற்றால் அந்த ஆபத்து குறையும்.

விண்ணப்பம் செல்லுமா என்று பாராமல் சான்று தர இயலாது என்ற மறுப்பு நெடுநேரம் நிற்காது. முதலாளி கேட்டால் அதே கேள்விக்குத் துறை விடை சொல்கிறது. ஆறு மாதம் செல்லும் உறுதிப்பத்திரம் அனுப்புகிறது. அது முதலாளிக்குப் போகிறது, தொழிலாளிக்கு அல்ல. கேட்கத் தயங்கும் முதலாளிக்கும் காரணம் உண்டு: 2024 பிப்ரவரி முதல் உரிமையற்ற ஒருவரை வேலைக்கு வைத்தால் முதல் முறை 45,000 பவுண்டு வரை, மறுமுறை 60,000 பவுண்டு வரை அபராதம். ஐரோப்பிய ஒன்றியக் குடியேற்றத் திட்டத்தில் விண்ணப்பித்தவர்களுக்கோ, காத்திருக்கும்போதே ஒரு சான்றிதழை இதே துறை நேரடியாகக் கொடுக்கிறது. நீட்டிப்பு எந்நேரமும் முடியலாம் என்ற மறுப்பு எல்லா அனுமதிக்கும் பொருந்துவது; தனியே விடை தேவையில்லை. அட்டைகள் போய் மின்விசா வந்துவிட்ட பிறகு, தேதியைத் திருத்த எதையும் மறுபடி அச்சிடவும் வேண்டாம்.

என் வாசிப்புக்கு ஓர் எல்லை உண்டு. அது என்னை உறுத்துகிறது. நடப்பிலுள்ள அனுமதியையே 3சி நீட்டிக்கும். ஒரு நாள் பிந்தி விண்ணப்பித்தவர், தக்க காரணம் காட்டினால், குடிவரவு விதிகளின் பதினான்கு நாள் சலுகையில் அவருடைய விண்ணப்பம் ஏற்கப்படலாம். ஆனால் காத்திருக்கும் காலத்துக்கு அவருக்கு அனுமதி ஏதும் இல்லை. திருத்துவதற்கு அவர் அனுமதியில் பொய்யான தேதியும் இல்லை. அதில் குறித்திருப்பது உண்மையாகவே முடிந்த தேதி.