ஊரியா, மீனா?

முதுகுப்பையும் கமராவுமாக மட்டக்களப்புக்கு வருகிற பொடியன்கள், பஸ்ஸால் இறங்கி முகம் கழுவ முன்னமே கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, மீன் பாடுறதைப் படம் எடுக்கலாமா?" கல்லடியில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதற்கு முதல் கலியாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா என்று ஊரெல்லாம் வீடியோ எடுத்துத் திரிந்தவன். அதனால் இந்தப் பிள்ளைகளோடு இருந்து கதைக்கப் பிடிக்கும். கொழும்பில் இருந்து வருகிறார்கள், சென்னையில் இருந்து வருகிறார்கள், கனடாவில் பிறந்த நம்முடைய பிள்ளைகளும் வருகிறார்கள். எல்லாரிடமும் நல்ல கமரா இருக்கிறது. நடந்து திரிய உடம்பில் தெம்பும் இருக்கிறது. கதை மட்டும் இல்லை. "மீன்பாடும் தேன்நாடு" என்ற பெயரைக் கேட்டுவிட்டு, அந்தப் பெயரையே கதை என்று நம்பி வந்து நிற்கிறார்கள்.

மீன் பாடுகிறது என்று சொல்கிற இந்த மட்டக்களப்பு வாவிக்கு வந்துபோன ஆட்களின் வரிசை நீளமானது. 1602 மே 31ஆம் திகதி ஒல்லாந்தன் ஸ்பில்பேர்கன் கப்பலோடு மட்டக்களப்புக் கரைக்கு வந்தான். மிளகுக்கும் கறுவாவுக்கும் வந்தவன், இங்கிருந்து உள்நாட்டுக்குள்ளே புறப்பட்டுக் கண்டி அரசன் முதலாம் விமலதர்மசூரியனைக் கண்டான். ஊருக்குத் திரும்பிய பின் அவனுடைய பயணக் குறிப்பு படங்களோடு அச்சாகியது. பயணப் படம் எடுக்கிற தொழில் இங்கே அவனோடு தொடங்கியது என்று நான் பகிடியாகச் சொல்வேன். அடுத்த ஆண்டு வந்த டி வேர்ட் என்ற ஒல்லாந்தனுக்கு அரசனோடு சண்டை மூண்டு, மட்டக்களப்பிலேயே உயிர் போயிற்று. பிறகு 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்து வருடத்தில் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. இவர்கள் யாரும் வாவிக்குள் காது வைத்துப் பார்த்ததாக எழுதி வைக்கவில்லை.

காது வைத்துப் பார்த்து எழுதியவர் எமர்சன் டெனன்ட். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது வாவியில் இசை கேட்கிறது என்று ஆட்கள் சொல்ல, நிலவு எழும்பிய பிறகு மீனவர்களைக் கூட்டிக்கொண்டு தோணியில் போனார். கோட்டை வாசல் துறையில் இருந்து வடகிழக்குப் பக்கமாகக் கொஞ்சத் தூரம்தான் வலித்தார்கள். காற்றில்லை, துடுப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமும் இல்லை. அவர் கேட்டது ஒரே நீண்ட சுரமல்ல. சின்னச் சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, மெல்லிய குரலும் கனத்த குரலுமாகக் கலந்து நீருக்குள்ளிருந்து வந்தன. தோணியின் பலகையில் காதை வைத்தால் சத்தம் பல மடங்காகியது. இடம் மாறினால் சத்தமும் மாறியது, சில இடங்களில் ஒன்றுமே கேட்கவில்லை. 1859இல் வந்த அவருடைய 'சிலோன்' என்ற புத்தகத்தில் இதெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது.

பொடியன்களுக்கு நான் முதலில் காட்டுவது அதில் வருகிற இன்னொரு விசயத்தை. அந்த மீனவர்கள் இது மீனின் சத்தம் என்று சொல்லவில்லை, ஊரியின் சத்தம் என்றார்கள். வாவியில் கிடக்கிற ஊரியைத்தான், சுருள் ஓட்டுக்குள் இருக்கிற சின்ன உயிரைத்தான் கைகாட்டினார்கள். எங்கே, கொண்டு வாருங்கள் பார்ப்போம் என்று டெனன்ட் கேட்க, பிடித்துக் கொண்டுவந்தும் கொடுத்தார்கள். இது கோடையில்தான் கேட்கும், மழை பெய்து வாவியில் புதுத் தண்ணீர் ஏறினால் நின்றுவிடும் என்றும் சொன்னார்கள். டெனன்டும் கடைசியில் ஊரிப் பக்கமே சாய்ந்தார். அப்படி இருந்தும் உலகம் முழுக்கப் பரவியது பாடும் மீன் என்ற பெயர்தான். ஊரி பாடும் ஊர் என்று விளம்பரம் போட்டால் யார் வருவார்கள்?

கோடைக் கணக்கு வாவியைத் தெரிந்தவனுக்குப் புரியும். வாவி 56 கிலோமீற்றர் நீளம். வடக்கே பாலமீன்மடுப் பக்கம் ஒரு முகத்துவாரம், தெற்கே கல்லாற்றுப் பக்கம் இன்னொன்று. மாரியில் வெள்ளம் இறங்கினால் தண்ணீர் கலங்கும், உப்புக் குறையும். கோடையில் முகத்துவாரத்தில் மணல் மேடு கட்டும், நீர் அசையாமல் தெளிந்து கிடக்கும். சித்திரை முதல் புரட்டாதி வரை, பூரணையை ஒட்டிய இரவுகளில் கேட்கும் என்று ஊரில் சொல்வது இந்தக் காலத்தைத்தான்.

பலகையில் காது வைக்கிற வித்தை டெனன்ட் கண்டுபிடித்ததல்ல. துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது நம்முடைய ஆட்களின் பழைய வழக்கம். அதற்கு நல்ல காரணமும் உண்டு. தண்ணீருக்குள் சத்தம் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 1500 மீற்றர் போகும், காற்றில் 340 மீற்றர்தான். நீரின் மேற்பரப்பில் மோதுகிற சத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குள் ஏறும், மிச்சமெல்லாம் நீருக்குள்ளேயே திரும்பிவிடும். மரம் தண்ணீரையும் காதையும் நேராகத் தொடுக்கிறது. கல்லடிப் பாலத்தில் நின்று தலையைச் சாய்த்துவிட்டு "ஒன்றும் கேட்கவில்லையே" என்று முகம் தொங்கிப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுப்பேன்.

டெனன்டுக்குப் பிறகு இந்தச் சத்தத்தைக் கையில் எடுத்த பெரிய ஆள் நம்முடையவர். விபுலானந்த அடிகள் 1892இல் காரைதீவில் பிறந்தவர், லண்டன் பி.எஸ்ஸி. எடுத்த விஞ்ஞான ஆசிரியர், கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பியவர். பழந்தமிழ் யாழ்களின் சுரங்களை அதிர்வெண் கணக்குப் போட்டு ஆராய்ந்து அவர் எழுதிய 'யாழ்நூல்' 1947 ஜூனில் அரங்கேறியது. ஜூலையில் அவர் காலமானார். அந்தக் கணக்கு நூலுக்குள்ளே மட்டக்களப்பு வாவியின் நிலவிரவும் வருகிறது. அதில் பாடுகிறவர்கள் ஊரியும் இல்லை, மீனும் இல்லை, நீரரமகளிர், அதாவது தண்ணீரில் வாழும் தேவமகளிர். விஞ்ஞானம் படித்தவர் இப்படி எழுதலாமா என்று ஒரு சென்னைப் பொடியன் என்னிடம் கேட்டான். நூறு பக்கம் அதிர்வெண் கணக்கு எழுதுகிற மனிதனுக்கு ஒரு பக்கம் நிலவைப் பார்க்க உரிமை இல்லையா? அவருடைய சமாதி கல்லடி உப்போடையில் இருக்கிறது. பாலத்தால் இறங்கி நடந்தே போகலாம்.

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க யேசு சபைக் குருவான லாங் அடிகளார் ஒலிவாங்கியை நீருக்குள் இறக்கிச் சத்தத்தை நாடாவில் பதிந்தார். அது இலங்கை வானொலியிலும் போனது. காது, துடுப்பு, புத்தகம் என்று வந்த கதைக்குள் முதன்முதலாகக் கருவி வந்தது அப்போதுதான். அதன் பிறகும் ஊரியா மீனா என்ற வழக்கு தீரவில்லை. நாடாவில் சத்தம் பதியும், போட்டவன் பெயர் பதியாது.

மீன் பாடாது என்று அடித்துச் சொல்கிறவர்களுக்குச் சொல்ல அமெரிக்காவில் ஒரு பதில் இருக்கிறது. கலிபோர்னியாவில் சொசலிற்றோ என்ற ஊரில் வள்ளவீடுகளில் குடியிருந்தவர்கள் 1980களில் இரவில் தூங்க முடியாமல் தவித்தார்கள். வீட்டின் அடித்தட்டு முழுக்க ஒரே ரீங்காரம். பம்ப் சத்தம் என்றார்கள், இராணுவத்தின் இரகசிய வேலை என்றார்கள். கடைசியில் பார்த்தால் தேரை மீன் இனத்து ஆண் மீன்கள். கல்லுக்கடியில் கூடு அமைத்து, காற்றுப்பையின் தசையைச் செக்கனுக்கு நூறு தரம் அளவில் அதிரவைத்துப் பெண் மீனைக் கூப்பிடுகின்றன. ஒரே மூச்சில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் இழுக்கும். அங்கேயும் சத்தத்தைப் பெருக்கிக் கொடுத்தது வள்ளத்தின் அடிப்பலகைதான். அந்த ஊர் பிறகு அந்த மீனுக்கு விழாவும் எடுத்தது. நம்முடைய வாவியில் கேட்டதும் இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. டெனன்ட் கேட்ட பல குரலும் இந்த ஒற்றை ரீங்காரமும் ஒன்றல்ல.

இவ்வளவும் சொன்ன பிறகு பொடியன்கள் கேட்பார்கள், "அப்ப எதைப் படம் எடுக்கிறது?" நீருக்கடியில் கேட்கிற சத்தத்துக்கு உருவம் கிடையாது. இரவு முழுக்கக் கமராவைத் திருப்பி வைத்தாலும் கறுத்தத் தண்ணீர்தான் பதியும். என் தொழில் பழக்கத்தில் சொல்கிறேன்: தாலி கட்டும்போது தாலியை எல்லாரும் எடுப்பார்கள், கெட்டிக்காரன் பெண்ணின் தாயை எடுப்பான். இங்கேயும் கேட்கிற ஆளின் முகத்தைத்தான் எடுக்க வேண்டும். ஊரி என்று சொல்கிற ஆளையும் மீன் என்று சொல்கிற ஆளையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்திவிட்டால் படம் தானாக நடக்கும்.

அதற்கு நடக்க வேண்டிய வழியையும் சொல்லி விடுகிறேன். கோட்டையில் தொடங்கி, 1924இல் கட்டி ஆளுநர் மனைவி மனிங் சீமாட்டியின் பெயர் வைத்த பழைய கல்லடிப் பாலத்தால் வரவேண்டும். 2013இல் திறந்த புதுப் பாலம் பக்கத்தில் இருக்கிறது, அதில் வாகன இரைச்சல்தான் பதியும். பிறகு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையால் தெற்கே ஆரையம்பதி தாண்டி, மண்முனைப் பாலத்தால் மேற்குப் பக்கமான படுவான்கரைக்குக் கடக்க வேண்டும். 2014க்கு முதல் அந்த இடத்தில் பாலம் இல்லை, பாதைதான். எங்கள் ஊரில் பாதை என்றால் ஆட்களையும் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போகிற மிதவை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் கல் நந்தி புல் தின்ற கதையைக் கேட்டுவிட்டு, வயலும் மேய்ச்சலுமாகத் தெற்கே நடந்தால் மண்டூர். முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். அங்கே இருந்து குருமண்வெளிக்குப் பாதையில் ஏறி எழுவான்கரைக்குத் திரும்பலாம். அந்தப் பாதைக்கு இப்போது இயந்திரம் பூட்டியிருக்கிறது.

படுவான்கரையில் போய்த்தான் போர் நடந்த அந்த முப்பது வருடங்களைப் பற்றிக் கேட்க வேண்டும். எழுவான்கரை இராணுவத்திடமும் படுவான்கரை புலிகள் இயக்கத்திடமும் இருந்த காலங்களில் இந்த வாவிதான் எல்லை. இரவில் தோணி விடத் தடை, துறையில் சோதனை, தண்ணீரில் வெளிச்சம் கண்டால் சூடு. பூரணையில் வாவிக்குப் போய்க் காது வைக்க ஆர் துணிவான்? டெனன்டும் விபுலானந்த அடிகளும் லாங் அடிகளாரும் கேட்டதற்கு எழுத்தும் நாடாவும் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் களவாக வலை போட்டவர்கள் என்ன கேட்டார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் வரவில்லை. அவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. பாடும் மீனை விட்டுவிட்டு இதை எடுங்கள் என்பதுதான் நான் வருகிற எல்லாருக்கும் சொல்வது.

போன கோடையில் வந்த இரண்டு பேர் என் பேச்சைக் கேட்டார்கள். மண்முனைக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவரைப் பிடித்து முற்றத்தில் இருத்தியிருக்கிறார்கள். எடுத்து வந்ததை என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தோம். கிழவர் வலை பொத்திக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொல்கிறார்: "மீனுக்குப் பாட எங்க மனே வாய் இரிக்கி? அது ஊரி." கமராவுக்கு வெளியே, அடுப்படியில் இருந்து மனிசியின் குரல்: "அந்தாளுக்குக் காது கேக்காது. அது மீன்தான். நான் கேட்டிருக்கன், ஆமி நிண்ட காலத்தில, பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் தோணிக்குள்ள படுத்துக் கிடக்கக்குள்ள." பொடியன்கள் உடனே கமராவைத் திருப்பி அடுப்படிக்கு ஓடியிருக்கிறார்கள். மனிசி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, முதல் தேத்தண்ணி குடியுங்கள் என்கிறார். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் அவர்தான் கதைக்கிறார்.