ஜெஸ்வின் ஆல்ட்ரினும் நீளம் தாண்டுதலின் இயக்கவியலும்

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னக்காயல் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. இம்மாவட்டத்தின் முதலூரைச் சேர்ந்தவர் ஜெஸ்வின் ஆல்ட்ரின். 2023 மார்ச் 2 அன்று கர்நாடகத்தின் விஜயநகரில் 8.42 மீட்டர் தாண்டி, நீளம் தாண்டுதலில் இந்தியத் தேசிய சாதனை படைத்தார்.

சாதனையின் வரலாறு

1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் டி. சி. யோகன்னான் 8.07 மீட்டர் தாண்டினார். 2004-இல் அம்ரித்பால் சிங் 8.08 மீட்டர் தாண்டும்வரை அச்சாதனை நிலைத்தது. ஒரு சென்டிமீட்டர் கூடுவதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின. 2022 ஏப்ரலில் கோழிக்கோட்டில் நடந்த ஃபெடரேஷன் கோப்பைப் போட்டியில் ஜெஸ்வின் 8.37 மீட்டர் தாண்டி முதலிடம் பெற்றார். ஆனால் பின்காற்று, வினாடிக்கு 2 மீட்டர் என்ற வரம்பைக் கடந்திருந்தது. எனவே, இரண்டாமிடம் பெற்ற முரளி ஸ்ரீசங்கரின் 8.36 மீட்டரே தேசிய சாதனையானது.

எழும்புதல்

நீளம் தாண்டுதலில் அணுகு ஓட்டம், எழும்புதல், பறத்தல், தரையிறங்குதல் என நான்கு நிலைகள் உண்டு. சிறந்த ஆண் வீரர்கள் வினாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகத்தில் பலகையை அடைகின்றனர். கடைசிக்கு முந்தைய காலடி சற்று நீளும். அப்போது உடலின் ஈர்ப்பு மையம் தாழும். கடைசிக் காலடி குறுகும். பலகையில் பாதம் ஏறத்தாழ 0.12 வினாடியே பதிந்திருக்கும். எறியப்படும் பொருள் 45 பாகையில் அதிகத் தொலைவு செல்லும் என்பது பாடநூல் கணக்கு. மனிதன் அவ்வளவு செங்குத்தாக எழும்ப முயன்றால் ஓட்ட வேகத்தை இழப்பான். ஆகவே வீரர்கள் 20 பாகையை ஒட்டியே எழும்புகின்றனர்.

தரையிறங்குதல்

மணலில் பலகைக்கு மிக அருகில் பதிந்த தடத்திலிருந்தே தொலைவு அளக்கப்படுகிறது. கால்களை முன்னே நீட்டி இறங்கியவர் பின்னால் சாய்ந்து கை ஊன்றினால், கை பதிந்த இடமே கணக்காகும். அதனால் குதிகால் மணலைத் தொட்டதும் முழங்காலை மடக்கி, இடுப்பை முன்னே கொண்டுசெல்லப் பயிற்சி தரப்படுகிறது. முழங்கால் மடங்குவதும் மணல் விலகுவதும் உடல் நிற்கும் நேரத்தை நீட்டிப்பதால் மூட்டுகளைத் தாக்கும் விசை குறைகிறது. இறுகிய மணலில் இக்காப்பு இல்லை. பயிற்சிக்கு முன் குழியைக் கிளறிவிடுவது இதனால்தான்.

பிழையின் விலை

2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜெஸ்வினின் முதல் இரு முயற்சிகளும் பிழையாயின. மூன்றாவதில் 7.61 மீட்டர் தாண்டியதால் இறுதிச் சுற்று வாய்ப்பை இழந்தார். அவரது சாதனையைவிட இது 81 செ.மீ. குறைவு. வலிமை மிகுந்தவருக்கும் அணுகு ஓட்டத்தின் அளவு தவறினால் தாண்டுதல் கைகூடாது. பள்ளி மைதானத்தில் தொடங்கும் மாணவரும் முதலில் பழக வேண்டியது காலடிக் கணக்கையே.