நடனக்காரர் என்று பெயர் பெற்றவர்கள்

ஆண்டு ஒன்பதில் எமது சரித்திர ரீச்சர் ஒருநாள் பாடப்புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னார். "இண்டைக்கு நீங்கள் எல்லாரும் தொல்லியலாளர்" என்று சொல்லி, தானே பென்சிலால் பார்த்து வரைந்த படங்களை வாங்குக்கு ஒன்றாகத் தந்தார். அஸ்ரெக் மக்களுக்கு முந்திய மெக்சிக்கோ என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. முன் வாங்குக்கு ஒல்மெக் மக்கள் செதுக்கிய பெருந்தலை. அடுத்ததற்குத் தியோத்திவாக்கான் நகரத்தின் சூரியப் பிரமிட். எங்களுக்கு வந்தது ஒரு கற்பலகை. அதில் கைகால் வளைந்த, உடுப்பில்லாத ஒரு மனிதன். பெண்கள் பாடசாலையில் அதற்கு எழுந்த சிரிப்பைச் சொல்லத் தேவையில்லை.

"நடனமாடுகிறான்" என்று கொப்பியில் எழுதினோம். ரீச்சர் கோபிக்கவில்லை. "முதல்ல கண்டதை எழுதுங்கோ பிள்ளையள். நினைச்சதைப் பிறகு எழுதலாம்" என்றார். பிறகு என் கொப்பியில் சிவப்பு மையால் ஒரே சொல் எழுதினார்: "கண்கள்?"

கண்கள் மூடியிருந்தன. வாய் திறந்திருந்தது.

அந்தப் பலகை தென் மெக்சிக்கோவின் வஹாக்காப் பள்ளத்தாக்கிலுள்ள மொன்ரே அல்பானைச் சேர்ந்தது. கி.மு. 500 அளவில் சபோதெக் மக்கள் ஒரு மலையுச்சியில் அமைத்த நகரம் அது. அஸ்ரெக் தலைநகர் எழுந்தது கி.பி. 1325இல், இடையில் பதினெட்டு நூற்றாண்டுகள். இத்தகைய பலகைகள் அங்கே 300க்கு மேல் உண்டு. பிற்காலத்தில் வந்து பார்த்தவர்கள், எங்களைப் போலவே, வளைந்த கைகால்களைக் கண்டு நடனக்காரர் என்றார்கள். நோயாளிகளின் உருவங்கள் என்றும் ஒரு கருத்து இருந்தது. (எங்கள் தொழில்காரர் எதிலும் நோயைத்தான் காண்பார்கள்!)

1960களில் மைக்கேல் கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இவர்கள் கொல்லப்பட்ட கைதிகள் என்றார். அந்த மக்களிடையே நிர்வாணம் கைதிக்குச் செய்யும் அவமானம். சில உருவங்களில் அடிவயிற்றின் கீழ் பூப்போலத் தெரிவது வெட்டுக்காயத்தின் இரத்தம். அருகிலுள்ள சான் ஹோசே மொகோத்தே என்ற ஊரில் அகழ்ந்தபோது இதே பாணியிலான பலகை ஒன்று நடைவழியின் தரையில் கிடந்தது, வருவோர் போவோர் மிதித்துச் செல்லும்படியாக. கல்லைப் பெயர்த்து நூதனசாலையில் நிறுத்திவிட்டால் இந்தச் சாட்சி போய்விடும். எங்கே, எப்படிக் கிடந்தது என்று ரீச்சர் திரும்பத் திரும்பக் கேட்டது அதனால்தான். தாமே இரத்தம் சிந்திச் சடங்கு செய்த வீரர்கள் இவர்கள் என்று வாதிடுவோரும் உளர். ஆனால் நடனம் என்று இன்று ஆய்வாளர் எவரும் சொல்வதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் நான் விரிவாக வாசித்தது வைத்தியரான பிறகு. உள்ளகப் பயிற்சிக் காலத்தில் ஓரிரவு, மயங்கிக் கிடந்த ஒருவரின் ரிக்கற்றில் "மதுபோதை" என்று எழுதியிருந்தது. நானும் அதையே எழுதிவிட்டு நகர்ந்தேன். விடியப்புறம் ஒரு மூத்த தாதி அவரது விரல் நுனிகளில் ஊசி குத்திய தழும்புகளைக் கண்டு, சீனியைப் பார்க்கச் சொன்னார். மிகவும் இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினோம், எழுந்து இருந்து தண்ணீர் கேட்டார். என் கையெழுத்தை நானே வெட்டினேன்.

மொன்ரே அல்பானின் பலகைகளை இன்றும் "நடனக்காரர்" என்றே அழைக்கிறார்கள். சில உருவங்களுக்கு அருகில் குறியெழுத்துகள் செதுக்கப்பட்டுள்ளன. அவை அந்த மனிதர்களின் சொந்தப் பெயர்கள் என்று பலர் கருதுகிறார்கள்.