மருந்தளவும் மறமும்

குண்டாறு திருச்சுழியைத் தொட்டுக் கமுதியை நோக்கிச் செல்கிறது. 1799 ஏப்ரலில் இந்த வறண்ட சீமையில் கிளர்ச்சி எழுந்தது. மயிலப்பன் தலைமையிலானோர் முதுகுளத்தூரில் கும்பினிக் கச்சேரியைத் தாக்கி ஆயுதங்களைக் கைப்பற்றினர். துப்பாக்கி கைக்கு வந்தது; அதற்குத் தீனி? இக்கேள்வியை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பாளையத்து வீரரின் திரித்துப்பாக்கியில் மருந்தைக் குழலுக்குள் கொட்டி, குண்டிட்டு, கம்பியால் கெட்டித்து, எரியும் திரியால் பற்றவைக்க வேண்டும். மருந்து மிகுந்தால் குழல் வெடிக்கலாம். குறைந்தால் குண்டு இலக்கை எட்டாது.

கும்பினிச் சிப்பாயின் பையிலோ காகிதத் தோட்டா இருந்தது. ஒரே அளவு மருந்தையும் ஒரு குண்டையும் முன்னரே சேர்த்துச் சுருட்டியது அது. நுனியைக் கடித்துக் கிழித்து, மருந்தையும் குண்டையும் இட்டுக் கெட்டித்தால் போதும். குழலின் விட்டம் முக்கால் அங்குலம். குண்டு அதனினும் சற்றுச் சிறியது. ஆதலால் கரி படிந்த குழலிலும் தடையின்றி இறங்கும். பயின்ற சிப்பாய் நிமிடத்திற்கு மூன்று முறை சுடுவான். இன்று நெம்புகோலின் ஓர் இழுப்புக்கு ஒரு தோட்டாவை முடித்துத் தரும் பொறிகள் உள்ளன. அவற்றைச் சீர்செய்வோரும் கவனமாகச் சோதிப்பது மருந்தளவு மாறாமல் விழுகிறதா என்பதையே.

பாளையத்தார் ஏறத்தாழ இருபதடி நீள ஈட்டிகளைப் பெரிதும் நம்பியதற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம் எனக் கருதுகிறோம். 1801 டிசம்பர் 1 அன்று ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, துப்பாக்கியோடு ஈட்டியையும் தடைசெய்தது. அளவு பார்க்க வேண்டாத அந்த ஆயுதமும் இச்சீமையினர் கையை விட்டுப் போயிற்று.