துண்டில் எழுதப்படும் பெயர்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் எழுவான்கரை, படுவான்கரை என எம்மவர் பிரித்து வழங்குவதை வாசகர்கள் அறிவர். ஞாயிறு எழும் கரையிலே நகரமும் பெரியாஸ்பத்திரியும் பாமசிகளும். ஞாயிறு படும் கரையிலே வயல்களும் மாட்டுப்பட்டிகளும். படுவான்கரை விவசாயி ஒருவருக்கு, டொக்டர் துண்டில் எழுதும் மருந்தின் பெயர் மருத்துவ விடயம் மட்டுமன்று. வீட்டுச் செலவு விடயமுமாகும். அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு.

பரசிற்றமோல் என்பது மருந்தின் பொதுப்பெயர். பனடோல் என்பது கம்பனி சூட்டிய வணிகப்பெயர். காய்ச்சலைத் தணிக்கும் பொருள் ஒன்றே. விலை மட்டுமே வேறு. இந்த வேறுபாட்டை நாட்டின் கொள்கையாக்கியவர் மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே. இடதுசாரித் தலைவரான டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவரும் 1971இல் அறிக்கையொன்றைச் சமர்ப்பித்தனர். அவ்வாண்டே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகி, பிபிலே அதன் முதல் தலைவரானார். தனியார் துறையில் புழங்கிய ஏறத்தாழ 2,100 மருந்துகள் சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டன. உலகளாவிய கேள்விப்பத்திரங்கள் மூலம் மருந்துகள் மலிவாகக் கொள்வனவு செய்யப்பட்டன.

கம்பனிகள் வாளாவிருக்கவில்லை. கூட்டுத்தாபனம் ஹெக்ஸ்ட் நிறுவனத்திடம் மலிவாக வாங்கிய ரெற்றாசைக்ளின் மூலப்பொருளைக் கொண்டு மருந்து தயாரிக்க பைசர் கம்பனி இணங்கவில்லை. கொலரா பரவிய வேளையில் அம்மருந்தை அதிக விலை கொடுத்து விமானத்தில் தருவிக்க நேர்ந்தது. 1977இல் ஆட்சி மாறியது, இறக்குமதி திறந்துவிடப்பட்டது, வணிகப்பெயர்கள் மீண்டும் பெருகின. அவ்வாண்டு செப்டெம்பரில் ஐ.நா. பணிக்காகக் கயானா சென்றிருந்த பிபிலே அங்கேயே காலமானார். உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே 1977இல்தான்.

போர்க்காலத்தில் நான் செய்தி சேகரித்த நாட்களில், படுவான்கரைக்குக் கொண்டுசெல்லப்படும் மருந்துகளுக்குச் சோதனைச்சாவடிகளிலே கட்டுப்பாடு இருந்தது. அப்போது பெயர் அல்ல, மருந்தே அரிது. 2014இல் மண்முனைத் துறையிலே பாலம் அமைந்தது. வாவியைக் கடப்பது எளிதாயிற்று. துண்டில் உள்ளதை வாங்குவது எளிதாகவில்லை.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையை நிறுவியது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை விதிக்கப்பட்டது. ஆயினும் 2022இல் ரூபாய் வீழ்ந்தபோது, மார்ச்சில் 29 சதவீத விலையேற்றத்துக்கு அனுமதி கிடைத்தது. ஏப்ரல் இறுதியில் 60 மருந்துகளின் விலை 40 சதவீதம் உயர்த்தப்பட்டது. இலவச மருத்துவம் வழங்கும் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலேயே "வெளியில் வாங்கவும்" என்று துண்டு எழுதப்பட்டது.

விலை ஏறும்போது ஏழை நோயாளி டொக்டரிடம் முறையிடுவதில்லை. ஏழு நாள் மருந்தில் மூன்று நாளுக்குரியதை மாத்திரம் வாங்கிச் செல்கின்றார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தாயின் நோய் முற்றாகத் தீராது. கிருமியும் மருந்துக்குப் பழகிவிடும். தனியார் டொக்டர்கள் பலர் சிறு கடதாசி உறைகளிலே தாமே மருந்து கொடுப்பதும் நம் ஊர் வழக்கம். உறையில் "காலை 1, இரவு 1" என்றிருக்கும். மருந்தின் பெயர் பெரும்பாலும் இராது. பெயர் தெரியாதவருக்கு விலையை ஒப்பிடவும் வழியில்லை.

சட்டத்தால் விலைக்கு வரம்பிடலாம். துண்டில் எதை எழுதுவது என்பதைத் தீர்மானிப்பது டொக்டரின் பேனாவே. "இதன் பொதுப்பெயர் என்ன? இதே மருந்து மலிவாகக் கிடைக்குமா?" என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. பிபிலே நமக்கு விட்டுச்சென்ற உரிமை அது.